குமிழி வராத செங்கல்

1

ஒரு சுவரை இடிக்க என் கையெழுத்து வேண்டுமாம். நான்கு பக்கப் படிவம் ஒன்று மேசைக்கு வந்திருக்கிறது. சுவரின் நீளம், உயரம், அதில் என்னென்ன பொருட்கள் இருக்கின்றன, இடித்த பிறகு எது எந்தக் குப்பைத் தொட்டிக்குப் போகும், சத்தம் எத்தனை மணிக்குள் அடங்கும் என்று கட்டம் கட்டமாகக் கேட்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் பொறுப்பாளர் கையெழுத்து. அந்தப் பொறுப்பாளர் நான்தான்.

ஜெர்மனியின் வடக்கே ப்ரேமன் என்ற ஊரில், ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வந்து இந்த மாதத்தோடு ஐந்து வருடம். நாங்கள் வடிவமைத்த சிறிய நூலகம் ஒன்று அடுத்த மாதம் திறக்கிறது. அதை ஒட்டிய மூலையில்தான் அந்தச் சுவர் நிற்கிறது. ஒன்றரை மீட்டர் அகலம், ஆள் உயரம். அது எதையும் தாங்கவில்லை, அதன் பின்னால் அறையும் இல்லை. தெரியாதவர்கள் பார்த்தால் யாரோ வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனதாக நினைப்பார்கள்.

அதன் பெயர் மாதிரிச் சுவர். இங்கே ஒரு பொதுக் கட்டடம் எழும்புவதற்கு முன், எந்தக் கல், எந்தச் செங்கல், என்ன நிறச் சாந்து, ஜன்னலுக்கு மேல் எந்தக் கான்கிரீட் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு துண்டுச் சுவரைக் கட்டிக் காட்ட வேண்டும். ஊர்ப் பிரதிநிதிகள் வந்து தொட்டுப் பார்ப்பார்கள். பிறகுதான் சம்மதம். கட்டடம் முடிந்ததும் மாதிரிச் சுவர் குப்பைக்குப் போய்விடும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இந்தச் சுவருக்கு ஒரு கதை இருக்கிறது. அது முழுதாகத் தெரிந்தவர்கள் நான்கே பேர். அதில் ஒருத்தி சாணார்பட்டிப் பக்கம் இருக்கிறாள்.

2

அவள் என் அம்மா, ஆரோக்கியமேரி. போன வருடம் நான் சண்டை போட்டு நிறுத்தும்வரை இருபத்திரண்டு வருடம் சித்தாள் வேலை பார்த்தாள். விடியற்காலை முதல் பஸ்ஸில் திண்டுக்கல் போய், எந்த வீதியில் வேலையோ அங்கே செங்கல் சுமப்பாள். அப்பா லாரியில் லோடு ஏற்றுபவர். இரண்டு பேருமே பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படியேறிய முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும். அதை மறைக்க நான் முயல்வதில்லை.

பள்ளி விடுமுறை நாட்களில் அம்மா என்னையும் வேலையிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாள். வீட்டில் தனியாக விட முடியாது என்பதுதான் காரணம். அங்கே எனக்கென்று ஒரு வேலை இருந்தது. காளவாசலில் இருந்து வந்திறங்கிய செங்கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். நம்மூர்ச் செங்கல்லுக்குத் தாகம் அதிகம். காய்ந்த கல்லை அப்படியே வைத்துக் கட்டினால், சாந்தில் உள்ள ஈரத்தை அது உறிஞ்சிவிடும். சாந்து இறுகாமல் பொடிந்துபோகும். அதனால் முதலில் கல்லின் வயிறு நிறைய வேண்டும்.

தொட்டியில் போட்டதும் ஒவ்வொரு கல்லில் இருந்தும் சரம் சரமாகக் குமிழி கிளம்பும், இட்லிச் சட்டி கொதிக்கிற மாதிரி சத்தத்தோடு. நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஏ பாப்பா, குமிழி நின்னுருச்சா?" என்று சாரத்தின் மேலிருந்து கொத்தனார் கத்துவார்.

"செத்த நேரம் ஆகும் மாமா!"

"நீயென்ன குமிழி விடுறியா, கல்லு விடுதா?"

எல்லாரும் சிரிப்பார்கள். குமிழி அடங்கிய பிறகே கல் மேலே போகும். என் வார்த்தைக்காகக் கொத்தனார் காத்திருந்தார் என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய பெருமையாக இருந்தது.

எங்கள் வீடும் வேலையிடங்களில் மிஞ்சியதால் ஆனதுதான். சுவர் கீழ்ப்பாதி நாட்டுச் செங்கல், மேலே ஹாலோ பிளாக். அடுப்படி மேடை கடப்பாக்கல். தரையில் பதினோரு விதமான டைல்ஸ் துண்டு. உடைந்ததைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள் அம்மா. மதுரையில் கட்டடக்கலைக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், உங்கள் வீட்டில் உள்ள கட்டுமானப் பொருட்களைப் பட்டியல் போட்டு வாருங்கள் என்றார்கள். மற்றவர்கள் ஏழு, எட்டு எழுதினார்கள். நான் இருபத்தாறு எழுதினேன். எந்தப் பொருள் எதோடு ஒட்டும், எது விலகும், எங்கே விரிசல் விடும் என்றும் எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் எல்லா விரிசலும் எனக்குத் தெரியும். அந்தத் தாளை எங்கள் பேராசிரியை வகுப்பில் உரக்கப் படித்தார். அவருக்கு இந்தக் குறிப்புகளில் ஒரு நன்றி.

3

இங்கே சேர்ந்த மூன்றாம் வருடம் இந்த நூலக வேலை அலுவலகத்துக்கு வந்தது. தலைமை வடிவமைப்பாளர் உல்ரிக்கே, அறுபதை நெருங்கும் பெண்மணி. வெளிச்சுவருக்கு என்ன பொருள் என்று யோசித்துச் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தார்.

ஊரில் பொருள் தேர்வு என்பது பெரும்பாலும் எந்த லாரி வந்தது என்பதைப் பொறுத்தது. இங்கே அதற்காக மாதக்கணக்கில் உட்கார்ந்தேன். கிளிங்கர் என்று ஒரு செங்கல் இந்தப் பக்கத்தில் உண்டு. கடும் சூட்டில் கண்ணாடிப் பதம் வரும்வரை சுட்டது; கறுஞ்சிவப்பு; விரலால் சுண்டினால் மணி போல ஒலிக்கும். நம் செங்கல் ஒன்பது அங்குலம் என்றால் இது கால்விரல் நகத்தளவு கூடுதல் நீளம். மழையும் பனியும் மாறி மாறி அடிக்கிற ஊருக்கு ஏற்ற கல். அடியில் மட்டும் இரண்டு வரி கருங்கல். பழைய துறைமுகச் சாலையைப் பெயர்த்தபோது எடுத்த கருங்கல் அதே இடத்தில் குவிந்து கிடந்தது. மேலே கிளிங்கர், ஜன்னல் தலைப்பில் வெளிறிய கான்கிரீட். இதுதான் என் சேர்மானம்.

ஊர்க் குழுவில் பாதிப் பேருக்கு வேறு எண்ணம். குளிரைத் தடுக்கும் பஞ்சு போன்ற பலகை ஒட்டி, மேலே பூச்சுப் பூசி, வெள்ளை அடித்துவிடலாம் என்றார்கள். வேலை சீக்கிரம் முடியும். மாதிரிச் சுவரைப் பார்த்து முடிவு செய்கிறோம், வியாழக்கிழமை காலை பத்து மணி என்று தேதி குறித்தார்கள்.

உல்ரிக்கே என்னிடம் தெளிவாகச் சொன்னார்: "உன் சுவரை ஏற்றுக்கொண்டால் இந்தக் கட்டடத்தின் வேலையிடப் பொறுப்பு உனக்கு. பூச்சு என்று முடிவானால், அதற்கென்று இருக்கும் குழுவிடம் கொடுத்துவிடுவேன்."

அந்தப் பொறுப்பு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நான் வளர்ந்த வேலையிடங்களில் பெண் என்றால் சுமப்பவள். சாரத்தில் நின்று இது சரி, இது தப்பு என்று சொல்கிற பெண்ணை நான் பார்த்ததே இல்லை.

4

செவ்வாய்க்கிழமை காலை சுவர் கட்டுவதாக ஏற்பாடு. கொத்தனார் மாரெக், போலந்துக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். அவருடைய உதவியாளுக்கு அன்று காய்ச்சல். நான் உதவுகிறேன் என்று ஏழு மணிக்கே போய்விட்டேன். மார்ச் மாதக் குளிர், தூறல். சூளையில் இருந்து மாதிரிக்கென்று இருநூறு கல் அனுப்பியிருந்தார்கள், சரியாக ஒரு சுவருக்கு.

யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் கை தானாக வாளியைத் தேடியது. இரண்டு பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அவை கொண்ட மட்டும் கல்லை ஒவ்வொன்றாக இறக்கினேன். குனிந்து பார்த்தேன். ஒரு கல்லில் இருந்து ஒன்றிரண்டு குமிழி வந்தது. மற்றவை பேசாமல் கிடந்தன. குளிரில் மெதுவாக வரும்போல என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் குமிழி பார்த்தவள், குமிழி வராததைப் பார்க்கவில்லை.

மாரெக் வந்து தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருவருக்கும் ஜெர்மன் நொண்டும்.

"ஈரமாகவா?"

"ஈரமாகத்தான். எங்கள் குடும்பத்துக்கு இருபது வருட அனுபவம்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் தாடியைச் சொறிந்தார். பிறகு பையில் இருந்து சிறிய நோட்டை எடுத்து நீட்டினார். "எழுதிக் கொடு."

இங்கே எல்லாம் எழுத்தில்தான். 'கற்களை நனைத்துக் கட்டவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த நாட்டு வேலையிடத்தில் நான் போட்ட முதல் கையெழுத்து அது.

நான்கு வரி வரை ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது வரியில் ஒரு கல் லேசாக நகர்ந்தது. அவர் தட்டி உள்ளே தள்ளினார். பக்கத்துக் கல் வெளியே வந்தது. கல் ஈரத்தை இழுக்காததால் சாந்து கெட்டிப்படவே இல்லை. கல்லெல்லாம் கூழின் மேல் மிதந்தன. ஒன்பதாவது வரி வைக்கும்போது சுவரின் நடுப்பகுதி சாப்பிட்ட வயிறு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. இணைப்புகளில் இருந்து சாந்து வழிந்து, கறுஞ்சிவப்புக் கல்லின் முகமெல்லாம் சாம்பல் கண்ணீராக இறங்கியது.

மாரெக் கரண்டியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"இருபது வருடம்?" என்று மட்டும் கேட்டார்.

5

வேலையிடத்துக் கழிப்பறைக்குள் போய் நின்றுகொண்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். ஊரில் அப்போது சாயங்கால டீ நேரம். பின்னால் கலவை மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"என்னடி இந்நேரத்துல? சாப்டியா?"

நடந்ததைச் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். மறுமுனையில் சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு.

"ஏன்டி, கல்லுக்குத் தாகமே இல்லங்குது. வாயில ஊத்திருக்க!"

"அம்மா, சிரிக்காத."

"குமிழி வந்துச்சா, வரலையா? அதச் சொல்லு."

"வரல."

"வரலைன்னா எந்திரிச்சு வெளிய எடுக்க வேண்டியதுதான? கண்ண எங்க வச்சிருந்த? பெரிய படிப்புப் படிச்ச புள்ள!" யாரிடமோ திரும்பி, "எம்மவ ஜெர்மனில செவுரு கட்டிக் கவுத்துட்டாளாம் அண்ணே" என்று அறிவிப்பு வேறு. அங்கேயும் சிரிப்புச் சத்தம்.

"நாளன்னைக்குப் பாக்க வாராங்கம்மா. கல்லு பத்தாது."

"காஞ்ச கல்லு எம்புட்டுக் கெடக்கு?"

"எண்பது."

"வேற என்ன கெடக்கு அங்க?"

"கருங்கல்லு. அது மலை மாதிரி கெடக்கு."

"பெறகென்ன. இருக்கறத வச்சுத்தான் கட்டணும். நம்ம வீடு என்ன, எல்லாம் ஒரே கல்லுலயா நிக்குது? சரி, வையி. மேஸ்திரி கூப்புடுறாரு, போறேன்."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, முதலில் உல்ரிக்கேவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, எத்தனை காய்ந்த கல் இருக்கிறது என்று அவரும் அதையே கேட்டார். நான் தரையில் உட்கார்ந்து புது வரைபடம் போட்டேன். இரண்டு வரி என்று நினைத்த கருங்கல்லை இடுப்பளவுக்கு உயர்த்தினேன். மேலே மிச்சம் இருக்கும் உயரத்துக்கு எண்பது கல் சரியாக வந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு விரல்கடை இடைவெளி விட்டு, அதில் இளகிய சுண்ணாம்புச் சாந்து. கனமான கல்லும் வழவழப்பான செங்கல்லும் வெயிலில் வேறு வேறு அளவில் நீளும். ஒன்றையொன்று நெருக்கினால் இரண்டுமே வெடிக்கும். இது கல்லூரியில் படித்ததா, எங்கள் அடுப்படிச் சுவரில் பார்த்ததா என்று எனக்கே தெரியவில்லை.

புதன்கிழமை முழுவதும் நானும் மாரெக்கும் கருங்கல் சுமந்தோம். கையுறை கிழிந்தது. என் பழைய துப்பட்டாவைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு நான் கல்லைத் தூக்கியதைப் பார்த்து அவர் முதல் முறையாகத் தலையசைத்தார். "இப்போது நம்புகிறேன், இருபது வருடம்" என்றார்.

6

வியாழக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். நால்வர் காரில். ஐந்தாமவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, சைக்கிளில் வந்தார். இந்த ஊரில் பாதிப் பேர் சைக்கிள்தான். அவர் வந்த வேகத்தில் சைக்கிளை மாதிரிச் சுவரின் மேலேயே சாய்த்துவிட்டு, கண்ணாடியைத் தேடிப் பையைத் துழாவினார். சைக்கிள் சரிந்து, மிதிக்கட்டை கருங்கல்லில் நீளமாக உரசிக்கொண்டு விழுந்தது. என் உயிர் போய் வந்தது.

அவர் குனிந்து, உரசிய இடத்தை விரலால் தடவினார். ஒரு கீறல்கூட இல்லை.

"இந்தக் கல் இவ்வளவு உயரம் எதற்கு என்று கேட்க வந்தேன். இனி கேட்கவில்லை" என்றார்.

பூச்சுதான் நல்லது என்று இருந்தவர்களில் ஒருவர், சுவரையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் சுவரின் பக்கம் சேர்ந்தார். மற்ற இருவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றுக்கு இரண்டு என்று என் சுவர் தேறியது. கருங்கல் இடுப்பளவு உயரத்துக்கு இருக்க வேண்டும் என்று அவர்களே குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

இன்று நூலகத்தைச் சுற்றிலும் அந்தக் கருங்கல் ஓடுகிறது. ஏன் அந்த உயரம் என்று கேட்டால் எல்லாரும் சைக்கிள் என்கிறார்கள். எனக்கும் உல்ரிக்கேவுக்கும் மாரெக்குக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும், அது எண்பது கல் தீர்மானித்த உயரம் என்று. எழுத்தில் வாங்கிய என் கட்டளையை மாரெக் யாரிடமும் காட்டவில்லை. அந்தத் தாளை நோட்டிலிருந்து கிழித்து என்னிடமே கொடுத்தார். சமையலறை அலமாரியில் ஒட்டி வைத்திருக்கிறேன். திட்டாமல் கல்லை எண்ணச் சொன்ன உல்ரிக்கேவுக்கும், தெரியாத மொழிக்காரியோடு கல் சுமந்த மாரெக்குக்கும் நான் பட்ட கடன் இந்த ஊரை எனக்குச் சொந்த ஊராக்கியது.

7

திறப்பு விழாவுக்கு அம்மா வருகிறாள். அழைப்புக் கடிதம், செலவுக்கு நான் பொறுப்பு என்ற பத்திரம், மருத்துவக் காப்பீடு என்று மூன்று மாதம் அலைந்தேன். ஐந்து வருடத்துக்கு முன் நான் விசாவுக்கு விண்ணப்பித்தபோது, திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவர் தாயின் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று அடித்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன், மாற்றச் சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் உறுத்துகிறது. இந்த முறை நானே நிரப்பினேன்: கட்டடத் தொழிலாளி.

விசா வந்த அன்று அம்மா கேட்டாள்: "அந்தக் கட்டடத்துக்குள்ள என்னய விடுவாகளா?"

"லைப்ரரிம்மா. யாரு வேணா போகலாம்."

"அதில்லடி. கதவு போட்டதுக்கப்புறம் நான் எந்த வீட்டுக்குள்ளயும் போனதில்ல. அதான் கேட்டேன்."

திண்டுக்கல்லில் அவள் கல் சுமந்த வீடுகள் வீதிக்கு ஒன்று இருக்கும். பால் காய்ச்சுகிற அன்று அவள் அடுத்த வீட்டின் அஸ்திவாரத்தில் நிற்பாள். எனக்கு அது அதுவரை தோன்றியதே இல்லை.

மாதிரிச் சுவரை இடிக்கப்போகிறார்கள் என்று சொன்னதும் குரல் மாறியது.

"எப்ப?"

"அடுத்த வாரம்."

"நான் வார வரைக்கும் இடிக்கக் கூடாதுன்னு சொல்லு. லைப்ரரிய எல்லாரும் பாப்பாக. எனக்கு அந்தச் செவுத்தப் பாக்கணும்."

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், இடிப்பைத் தள்ளிவைக்க வேண்டுமானால் காரணம் எழுதுக என்று ஒரு கட்டம் இருக்கிறது. நேற்று அதை நிரப்பினேன். 'கட்டுமானத்தில் இருபத்திரண்டு ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் இந்தியாவிலிருந்து வந்து சுவரைப் பார்வையிட வேண்டியுள்ளது.' ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.

இன்று காலை பதில் வந்தது. ஒப்புதல். கூடவே ஒரு கேள்வி: வேலையிடத்துக்குள் வருபவருக்குத் தலைக்கவசமும் பாதுகாப்புக் காலணியும் நாங்கள் தருவோம், நிபுணரின் காலணி அளவு என்ன?

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஒன் செருப்பு சைஸ் என்ன?"

"எனக்கென்னடி தெரியும்? கடையில கால விட்டுப் பாத்து வாங்குறதுதான். எதுக்கு?"

"அந்தச் செவுத்துக்கிட்ட போகணும்னா ஷூ போடணும். அவங்களே குடுப்பாங்க."

"செவுத்தப் பாக்கவா ஷூ?" இருபத்திரண்டு வருடம் சிமெண்டுச் சகதியில் வெறுங்காலோடு நின்றவள் அவள். "இரு, வாரேன்."

போனை எங்கோ வைத்துவிட்டுப் போனாள். கோழி கத்தியது. எதையோ நகர்த்தும் சத்தம். பிறகு வந்தாள்.

"எழுதிக்க. ஒரு செங்கல்லு."

"என்னது?"

"கல்லு மேல கால வச்சுப் பாத்தேன். குதிகாலும் பெருவெரலும் வெளிம்புக்கு வெளிம்பு சரியா நிக்குது. ஒரு செங்கல்லு நீளம்."

"எந்தக் கல்லும்மா?"

"நம்மூருக் கல்லுதான். ஜெர்மனிக் கல்லா இங்க கெடக்கு?"

ஒன்பது அங்குலம். இந்த ஊர்க் காலணி அளவு அட்டவணையில் பார்த்து, படிவத்தில் முப்பத்தாறு என்று எழுதி அனுப்பினேன்.